கால் வினாடிக்குள் சொல்லி முடி

களியக்காவிளையை விட்டுத் திருவனந்தபுரம் பக்கம் போகிற பஸ் இஞ்சிவிளையைத் தொட்டதும் கடைப் பலகைகளில் எழுத்து மாறிவிடும். பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறாது. பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று ஊர்கள் வரிசையாக வரும். தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் தோளில் கைபோட்டு நடக்கும். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்கு வந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு வரைபடத்தில் விழுந்தது. கல்யாண உறவும் சந்தைக் கணக்கும் இன்றைக்கும் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைந்தால் அந்தக் கோடு வேறு மாதிரி தெரியும். கேரளத்தில் 2001-இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்ற திட்டம் தொடங்கியது; 2017-இல் அது கைட் என்ற அரசு நிறுவனமாக மாறியது. உபுண்டுவை அடிப்படையாக வைத்து அந்த நிறுவனம் தயாரித்த கைட் குனு/லினக்ஸ் என்ற இயங்குதளம்தான் அங்கே பள்ளிக் கம்ப்யூட்டர்களில் ஓடுகிறது. 2023-இல் அதன் 22.04 பதிப்பு வந்தது. ஐ.சி.டி. பாடப்புத்தகம் மலையாளம், ஆங்கிலத்தோடு தமிழிலும் கன்னடத்திலும் அச்சாகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம், 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. திரையில் திறக்கும் கட்டத்துக்கு மலையாளத்தில் ஜாலகம் என்று பெயர், தமிழில் சாளரம். பிள்ளைகள் வாயில் இரண்டு பக்கமும் விண்டோதான்.

எந்தப் பக்கத்து வகுப்பாக இருந்தாலும் முதல் வாரத்தில் கேட்கும் குரல் ஒன்று உண்டு: "டீச்சர், நான் வரைஞ்சது காணாமப் போச்சு!" படம் எங்கேயும் போயிருக்காது. பிள்ளை தெரியாமல் சாளரத்தின் மேல் மூலையில் இருக்கிற சிறு கோட்டை அழுத்தியிருக்கும்; சாளரம் ஓரத்துப் பட்டையில் போய் ஒடுங்கியிருக்கும். டீச்சர் வந்து பட்டையில் ஒரு தட்டுத் தட்டினால் திரும்பி வந்துவிடும்.

இந்தக் கட்டுரை அந்த ஒடுங்கும் கணத்தைப் பற்றியது. சாளரம் சட்டென்று மறையலாம். சுருங்கிச் சுருங்கிப் பட்டைக்குள் இறங்கலாம். விளக்குக்குள் இழுபடும் பூதம் மாதிரி வளைந்து நுழையலாம். பிடித்து நகர்த்தினால் ஈரத்துணி போல அலையலாம். இவற்றையெல்லாம் நடத்துவது விண்டோ மேனேஜர் என்ற நிரல். எந்த அசைவு வேண்டும், எத்தனை நேரம் வேண்டும் என்று அதற்குச் சொல்லிவைக்க நமக்கு வழி உண்டு. பெரும்பாலோர் அதை அழகுச் சமாச்சாரம் என்று விட்டுவிடுகிறோம். உண்மையில் அது கண்ணுக்குத் தகவல் சொல்லும் வேலை. அழகு அதன் பக்க விளைவு.

கண் எதைக் கவனிக்கத் தவறுகிறது?

1997-இல் ரொனால்ட் ரென்சிங்க் உள்ளிட்ட மூன்று உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரே காட்சியின் இரண்டு படங்கள். ஒன்றில் ஒரு பொருள் மட்டும் மாறியிருக்கும். இரண்டையும் மாறிமாறிக் காட்டி, இடையில் ஏறத்தாழ 80 மில்லி வினாடி வெற்றுத் திரையைச் செருகினார்கள். கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவு அது. அந்தச் சின்ன இடைவெளி போதுமானதாக இருந்தது: கண்ணெதிரே இருந்த பெரிய மாற்றத்தைக் கண்டுபிடிக்கப் பார்த்தவர்களுக்குப் பல வினாடிகள் பிடித்தன. இடைவெளியை எடுத்துவிட்டால் மாற்றம் உடனே கண்ணில் பட்டது.

காரணம் இதுதான். மாற்றம் நடக்கும் இடத்தில் ஓர் அசைவு தோன்றினால் கண் தானாக அங்கே திரும்பும். அசைவின் தடயம் அழிந்துவிட்டால், மூளை பழைய படத்தையும் புதிய படத்தையும் துண்டுதுண்டாக ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சாளரம் சட்டென்று மறைவதும் இப்படித்தான். திரையில் பாதி இடம் ஒரு நொடியில் வேறாகிவிடுகிறது. எங்கிருந்து எங்கே போனது என்பதற்குத் தடயம் இல்லை. கம்ப்யூட்டரில் பழகியவருக்குப் பட்டையில் தேடத் தெரியும். புதியவருக்கு "போச்சு" என்பதைத் தவிர வேறு வார்த்தை வராது.

குமரி மாவட்டத்தில் தோல்பாவைக்கூத்து பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. பாவை திரைக்கு நடுவே சும்மா முளைக்காது. ஓரத்திலிருந்து ஆடி வரும், ஓரத்துக்கே போகும். துணியை விட்டுப் பின்னால் இழுத்தால் நிழல் பெரிதாகி, கலங்கி, கரையும். யார் வந்தார், யார் போனார் என்பதில் பார்ப்பவருக்குக் குழப்பம் வராது. மாயம் காட்ட வேண்டிய இடத்தில்தான் கலைஞர் பாவையைச் சட்டென்று பிடுங்குவார்.

கம்ப்யூட்டர்க்காரர்கள் இதை எழுத்தில் வைத்தது 1993-இல். பே-வெய் சாங், டேவிட் அங்கர் என்ற இருவர், கார்ட்டூன் படக்காரர்களின் நுணுக்கங்களைத் திரையில் இருக்கும் சாளரங்களுக்கும் பயன்படுத்தலாம் என்று ஓர் ஆய்வுக் கட்டுரையில் காட்டினார்கள். பொருளுக்குக் கெட்டித்தன்மை வேண்டும், அது திடீரென்று தோன்றி மறையக் கூடாது என்பது அவர்கள் வாதத்தின் முதல் கால். அதற்கு முன்பே, 1984-இல் வந்த மெக்கின்டாஷில், ஒரு கோப்பைத் திறந்தால் அதன் சின்னத்திலிருந்து கோட்டுச் சதுரங்கள் விரிந்து சாளரமாகும். முழுச் சாளரத்தையும் விரித்துக் காட்ட அன்றைய இயந்திரத்துக்குத் தெம்பு இல்லை. அதனால் கோட்டை மட்டும் ஓடவிட்டார்கள். கண்ணுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஒரே சுவரில் எல்லாரும் எழுதிய காலம்

தெம்பு ஏன் இல்லை என்று பார்க்க, திரைக்குப் பின்னால் போக வேண்டும். பழைய முறையில் திரை ஒரு பொதுச் சுவர். ஒவ்வொரு நிரலும் தனக்கு ஒதுக்கிய கட்டத்தில் நேரடியாக எழுதும். ஒரு சாளரத்தை இன்னொன்றின் மேல் கொண்டுபோய் வைத்தால், அடியில் இருந்த எழுத்து அழிந்தே போகும். மேல் சாளரத்தை நகர்த்தியதும் விண்டோ மேனேஜர் அடியில் இருக்கிற நிரலைத் தட்டி எழுப்பி, "உன் இடம் வெளியே தெரிகிறது, திரும்ப எழுது" என்று சொல்ல வேண்டும். அந்த நிரல் தூங்கிவிட்டால்? விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் தொங்கிப்போன ஒரு சாளரத்தின் மேல் இன்னொன்றை இழுத்தவர்களுக்கு நினைவிருக்கும்: இழுத்த வழியெல்லாம் சீட்டுக்கட்டைப் பரப்பியது போல அதே சாளரத்தின் சாயல் பதிந்து கிடக்கும். திரும்ப எழுத ஆள் வரவில்லை என்பதன் அடையாளம் அது.

இப்போதைய முறை வேறு. ஒவ்வொரு நிரலும் நினைவகத்தில் தனக்கென்று ஒரு தாளில் எழுதும். அந்தத் தாள்களையெல்லாம் எடுத்து, எது மேல், எது கீழ் என்று அடுக்கி, திரையில் ஒரே படமாக ஒட்டுவது விண்டோ மேனேஜரின் வேலை. மேக் ஓ.எஸ். எக்ஸ் 2001-இல் இப்படித்தான் வெளிவந்தது. 2002-இல் ஒட்டும் வேலையை கிராஃபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைத்தது. லினக்ஸ் உலகில் இதற்கான கதவு, 2004 செப்டம்பரில், திரையை ஆளும் எக்ஸ்.ஆர்க் மென்பொருளின் 6.8 பதிப்போடு திறந்தது. விண்டோசில் 2007-இல் விஸ்டாவோடு வந்தது.

தாள் தனியாக இருப்பதால் அதை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். சுருக்கலாம், வளைக்கலாம், மங்க வைக்கலாம், சாய்க்கலாம். உள்ளே இருக்கும் நிரலுக்கு ஒன்றும் தெரியாது. அது தன் தாளில் எழுதிக்கொண்டே இருக்கும். சாளர அசைவுகள் எல்லாம் இந்த ஒரு பிரிவினையிலிருந்து பிறந்தவை.

அதற்கு ஒரு விலை உண்டு. 1366-க்கு 768 புள்ளிகள் உள்ள ஒரு சாதாரண மடிக்கணினித் திரையை எடுத்துக்கொள்வோம். ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம், திரை நிறைந்த ஒரு சாளரத்தின் தாள் ஏறத்தாழ 42 லட்சம் பைட், அதாவது 4 மெகாபைட். பத்துச் சாளரம் திறந்தால் 40 மெகாபைட். திரை வினாடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுவதால், ஒரே ஒரு தாளை அசைத்துக் காட்டவே வினாடிக்கு 25 கோடி பைட்டுக்கு மேல் நகர்த்த வேண்டும். கிராஃபிக்ஸ் சிப்புக்கு இது காலை நடை. அந்தச் சிப்புக்குச் சரியான டிரைவர் இல்லாமல் முதன்மைச் செயலியே ஒட்டும் வேலையையும் செய்ய நேர்ந்தால் மூச்சு வாங்கும். பள்ளிக்கூடத்தில் பத்து வயதைத் தாண்டிய கம்ப்யூட்டர் ஒன்றில் சாளரம் தட்டுத்தடுமாறித் திறந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.

பாலராமபுரத்துக் கணக்கு

நெய்யாற்றின்கரையைத் தாண்டித் திருவனந்தபுரம் போகிற வழியில் பாலராமபுரம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திருவிதாங்கூர் அரசர் பாலராம வர்மா காலத்தில், தெற்கே தமிழ் பேசும் பகுதிகளிலிருந்து சாலியர் நெசவுக் குடும்பங்கள் வரவழைக்கப்பட்டு இங்கே குடியேறின. குழித்தறியில் நெய்த, கசவுக் கரை போட்ட பருத்தித் துணிக்குப் பெயர் பெற்ற ஊர். புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. தறியில் உட்காருகிறவருக்குப் பாவின் இறுக்கம் கைப்பழக்கம். தளர்ந்தால் துணி தொய்யும். அதிகம் இறுகினால் இழை அறும்.

பிடித்து இழுத்தால் அலையும் சாளரத்தின் உள்ளே இருப்பதும் இதே பாவும் ஊடும்தான். ரெட் ஹாட் நிறுவனத்தில் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் முதலியோர் செய்துபார்த்த இந்த விளையாட்டை, 2006-இல் நோவெல் நிறுவனத்தின் டேவிட் ரெவ்மன் வெளியிட்ட காம்பிஸ் என்ற விண்டோ மேனேஜர் ஊரறியச் செய்தது. 2007 அக்டோபரில் வந்த உபுண்டு 7.10 அதைத் தன்னோடு சேர்த்தே கொடுத்தது. தோற்ற அமைப்பில் மூன்று தேர்வுகள் இருந்தன: ஒன்றுமில்லை, சாதாரணம், கூடுதல். கூடுதலைத் தட்டிவிட்டுச் சாளரத்தை ஆட்டி ஆட்டிப் பார்த்த கல்லூரி மாணவர்கள் ஒரு தலைமுறையே உண்டு.

உள்ளே நடப்பது இது. சாளரத்தின் மேல் நெடுக்கே 4, குறுக்கே 4 என்று 16 புள்ளிகளை நிரல் வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு புள்ளியும் எடையுள்ள ஒரு சின்னக் குண்டு. பக்கத்துப் பக்கத்துக் குண்டுகளை ஸ்பிரிங்கால் கட்டுகிறது: குறுக்கே 12, நெடுக்கே 12, ஆக 24 ஸ்பிரிங். சுட்டியால் நாம் பிடிக்கும் இடத்துக்கு அருகில் இருக்கும் குண்டு, நம் கையோடு வரும். மற்றவை ஸ்பிரிங் இழுக்கும்போதுதான் பின்னால் வரும். எவ்வளவு நீண்டதோ அவ்வளவு இழுக்கும் என்பது ராபர்ட் ஹூக் 17-ஆம் நூற்றாண்டில் சொன்ன விதி. அந்த இழுவையிலிருந்து, வேகத்துக்குத் தக்க உராய்வைக் கழித்து, எடையால் வகுத்தால் முடுக்கம். முடுக்கத்திலிருந்து வேகம், வேகத்திலிருந்து புதிய இடம். படத்துக்குப் படம் இந்தக் கணக்குத்தான் ஓடுகிறது. பிறகு 16 புள்ளிகளுக்கும் நடுவே வழவழப்பான ஒரு பரப்பை நீட்டி, அதன் மேல் சாளரத்தின் தாளை ஒட்டுகிறது. துணி அலைகிறது.

காம்பிஸ் அமைப்புப் பலகத்தில் இதற்கு இரண்டு எண்கள் இருந்தன. ஸ்பிரிங்கின் இறுக்கம், இயல்பாக 8. உராய்வு, இயல்பாக 3. உராய்வைக் குறைத்தால் சாளரம் ஜெல்லியாகி, கையை எடுத்த பிறகும் நெடுநேரம் ஆடும். கூட்டினால் தேனுக்குள் இழுத்தது போல மெதுவாக இழையும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே சாளரம் ஆடாமல், சோம்பாமல், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் நிற்கும். இயற்பியலில் மாறுநிலைத் தடுப்பு என்று இதைப் படித்திருப்போம். தானே மூடிக்கொள்ளும் கதவை அடிக்காமல் இழுத்துச் சாத்தும் கருவியும், பள்ளத்தில் இறங்கிய பஸ்ஸின் குலுக்கத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரும் தேடுவது இந்த இடத்தைத்தான். அதற்கு வேண்டிய உராய்வு, இறுக்கத்தையும் எடையையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலத்தின் இரண்டு மடங்கு. அதனால் இறுக்கத்தை 4 மடங்கு கூட்டுகிறவர் உராய்வை 2 மடங்கு கூட்டினால் போதும். இரண்டையும் ஒரே அளவில் ஏற்றினால் சாளரம் மந்தமாகிவிடும். அமைப்புப் பலகத்தில் எண்களோடு மல்லாடியவர்கள் பலர் தவறவிட்ட கணக்கு இது.

நேரத்தை வளைக்கும் கோடு

எல்லா அசைவுக்கும் ஸ்பிரிங் தேவையில்லை. ஒடுங்குவது, விரிவது, மங்குவது போன்றவற்றுக்கு இரண்டே கேள்விகள்: எத்தனை நேரம்? அந்த நேரத்தை எப்படிப் பங்கிடுவது?

200 மில்லி வினாடி, அதாவது ஐந்தில் ஒரு வினாடி என்று வைப்போம். வினாடிக்கு 60 படம் என்றால் 12 படம் கிடைக்கும். சாளரம் 600 புள்ளித் தூரம் போக வேண்டும். சமமாகப் பங்கிட்டால் படத்துக்கு 50 புள்ளி. கணக்குச் சரி, கண்ணுக்குச் சரியில்லை. முழு வேகத்தில் வந்து சுவரில் மோதி நின்றது போலத் தெரியும். உலகத்தில் கனமுள்ள எந்தப் பொருளும் அப்படி நிற்பதில்லை. கார்ட்டூன் படக்காரர்கள் இதை எப்போதோ கண்டுகொண்டார்கள். வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் ஃபிராங்க் தாமசும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-இல் தொகுத்த அசைவின் 12 நெறிகளில், மெல்லத் தொடங்கி மெல்ல நிற்பதும் ஒன்று.

இப்போது தொடக்கத்தில் வேகமாகவும் முடிவில் மெதுவாகவும் பங்கிடுவோம். மொத்த நேரத்தில் மீதி இருக்கும் பங்கின் கனத்தை (மும்மடியை) ஒன்றிலிருந்து கழிக்கும் எளிய வாய்ப்பாடு ஒன்று பழக்கத்தில் உண்டு. அதன்படி முதல் படத்திலேயே சாளரம் 138 புள்ளி பாய்ந்துவிடும். பாதி நேரத்தில் 525 புள்ளியைக் கடந்திருக்கும். கடைசி இரண்டு படங்களில் சேர்த்து 3 புள்ளிகூட நகராது. நேரம் அதே 200 மில்லி வினாடிதான். ஆனால் பயனருக்கு "உடனே கேட்டுக்கொண்டது, பூப்போலப் போய் உட்கார்ந்தது" என்று தோன்றும். முதல் பாய்ச்சல் கைக்குப் பதில் சொல்கிறது. கடைசி மெதுவோட்டம் எங்கே போய் நின்றது என்று கண்ணுக்குக் காட்டிக்கொடுக்கிறது.

இந்தப் பங்கீட்டை ஒரு வளைகோடாக எழுதிக் கொடுப்பது இன்றைய வழக்கம். அதற்குப் பயன்படும் பெஸியர் வளைகோடு மோட்டார் தொழிற்சாலையில் பிறந்தது. ரெனோ நிறுவனத்தில் பியேர் பெஸியரும், சித்ரோன் நிறுவனத்தில் பால் த காஸ்தெல்ஜோவும் காரின் உடற்கூட்டை வரைய இதைத் தனித்தனியே உருவாக்கினார்கள். காருக்கு வடிவம் கொடுத்த கோடு இன்று சாளரத்தின் நேரத்துக்கு வடிவம் கொடுக்கிறது. ஹைப்பர்லேண்ட் போன்ற புதிய விண்டோ மேனேஜர்களில் பயனர் தானே நான்கு எண்களை எழுதி, தனக்கு வேண்டிய வளைவைச் செய்துகொள்ளலாம். இந்த யோசனை கேரளப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்நியமில்லை. ஐ.சி.டி. வகுப்பிலும் 2018-இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் மன்றங்களிலும் அசைவுப் படம் செய்யக் கற்கிறார்கள். முதல் படமும் கடைசிப் படமும் நாம் வைத்தால் நடுவில் இருப்பதை மென்பொருள் நிரப்பும் என்பது அங்கே பாடம். சாளரம் ஒடுங்கும்போது நடப்பதும் அதுவே.

திருகாணி எங்கே இருக்கிறது?

அசைவை மாற்றுவதற்குப் பெரும்பாலான இடங்களில் வழி எளிது. க்னோம் மேசைத்தளம் உள்ள உபுண்டு 22.04-இல், அமைப்புகளுக்குள் அணுகல்தன்மைப் பகுதியில் அசைவுகளை அடியோடு நிறுத்த ஒரு பொத்தான் இருக்கிறது. கே.டி.ஈ. பிளாஸ்மாவில் மெதுவிலிருந்து உடனடி வரை அசைவின் வேகத்தை நகர்த்தும் நழுவுகோல் உண்டு. எந்தெந்த அசைவு வேண்டும் என்று பட்டியலில் ஒவ்வொன்றாகத் தேர்ந்துகொள்ளவும் செய்யலாம். மாட்டே மேசைத்தளத்தில் விண்டோ மேனேஜரையே மாற்றி, தாள் ஒட்டும் முறை வேண்டாம் என்று விடலாம். விண்டோஸ் 11-இல் அணுகல்தன்மைக்குள் காட்சி விளைவுகள் என்ற இடத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது.

எவ்வளவு வைப்பது? ஒரு செயலுக்கும் அதன் பதிலுக்கும் நடுவே 0.1 வினாடிக்குள் ஏதாவது நடந்தால், தானே அதைச் செய்ததாக மனிதர் உணர்கிறார். ராபர்ட் மில்லர் 1968-இல் எழுதி, யாக்கோப் நீல்சன் 1990-களில் பரவலாக்கிய எல்லை இது. அசைவு தொடங்குவது இந்த எல்லைக்குள் இருக்க வேண்டும். முடிவதற்குக் கால் வினாடி தாராளம். கூகிளின் மெட்டீரியல் வடிவமைப்பு நெறிகள், கைப்பேசித் திரைக்குள் வரும் பொருளுக்கு 225 மில்லி வினாடியும் வெளியேறும் பொருளுக்கு 195-உம் சொல்லியிருந்தன. வெளியேறுவதற்கு ஏன் குறைவு? வருவது என்னவென்று கண் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். போகச் சொன்னது நாமே. அது போவதைப் பார்க்க நமக்குப் பொறுமை கிடையாது.

அடிக்கடி செய்யும் வேலைக்கு அசைவு குறைய வேண்டும் என்பது இன்னொரு விதி. ஒரு நாளைக்கு 500 தடவை சாளரம் மாற்றுகிறவர் ஒவ்வொன்றுக்கும் 300 மில்லி வினாடி காத்திருந்தால், 150 வினாடி போகும். நேரம் என்று பார்த்தால் இரண்டரை நிமிடம்தான். ஆனால் அது 500 சின்னத் தடுக்கல்களாக வருகிறது; வேலையில் ஊன்றியிருக்கும் மனத்தை ஒவ்வொன்றும் கொஞ்சம் அசைத்துவிட்டுப் போகும். விசைப்பலகையால் சாளரம் மாற்றுகிறவருக்கு எங்கே போகிறோம் என்பது முன்பே தெரியும். அவருக்கு அசைவு சொல்லக்கூடிய புதுத் தகவல் எதுவும் இல்லை. அங்கே சுழியம் வைப்பதே மரியாதை.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும், முதல் தடவை சுட்டியைப் பிடிக்கும் பாட்டிக்கும் கணக்கு நேர்மாறு. ஒடுங்கும் அசைவை 300 மில்லி வினாடிக்குக்கூட நீட்டலாம். சாளரம் பட்டைக்குள் இறங்குவதை நாலு தடவை கண்ணால் பார்த்த பிள்ளை "போச்சு" என்று சொல்லாது, பட்டையைத்தான் பார்க்கும். கற்றுக்கொடுக்கும் வேலையை அசைவு செய்து முடித்த பிறகு, நேரத்தைக் குறைத்துவிடலாம்.

தலை சுற்றுகிறவர்கள்

2013 செப்டம்பரில் ஆப்பிள் தன் ஐ.ஓ.எஸ். 7-ஐ வெளியிட்டது. செயலியைத் தொட்டால் திரையே பாய்ந்து உள்ளே போகும். கைப்பேசியைச் சாய்த்தால் பின்னணி நகரும். சில வாரங்களுக்குள் தலை சுற்றுகிறது, குமட்டுகிறது என்று பலர் சொன்னார்கள். அடுத்த மாதமே வந்த திருத்தத்தில், அசைவைக் குறைக்கும் தேர்வைப் போட்டால் பாய்ச்சலுக்குப் பதிலாக ஒரு படம் கரைந்து அடுத்தது தோன்றும்படி மாற்றினார்கள்.

காரணம் காதுக்குள் இருக்கிறது. உட்செவியில் இருக்கும் மூன்று அரைவட்டக் குழல்கள்தான் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்கின்றன. பொன்முடி மலைப்பாதையில் பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பும்போது உட்கார்ந்து புத்தகம் படித்தால், காது அசைகிறோம் என்கிறது, கண் அசையவில்லை என்கிறது, வயிறு புரள்கிறது. திரை முழுக்கப் பாயும் அசைவில் இதே சண்டை தலைகீழாக நடக்கிறது. எல்லாருக்கும் வராது. உட்செவிக் கோளாறோ ஒற்றைத் தலைவலியோ உள்ளவர்களுக்கு ஒரு சின்ன அசைவே போதும். அதனால்தான் வலைப்பக்கங்களுக்கான அணுகல்தன்மை நெறிகளின் 2018 பதிப்பு, தேவையற்ற அசைவை நிறுத்த வழி இருக்க வேண்டும் என்று ஒரு விதியைச் சேர்த்தது.

பொதுக் கம்ப்யூட்டர் அறையைக் கவனிக்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது. ஒருவருக்கு வேடிக்கையாக இருக்கும் ஆடும் சாளரம், பக்கத்தில் இருப்பவருக்குத் தலைவலி. திரை முழுவதையும் சுழற்றும், பாய்ச்சும் அசைவுகளைப் பொது இடத்தில் அணைத்து வைப்பது நல்லது. சின்ன இடத்துக்குள் நடக்கும் மங்கலும் ஒடுங்கலும் அநேகமாக யாரையும் தொந்தரவு செய்வதில்லை.

இந்த எண்களையெல்லாம் நாம் தொட முடிவதற்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது. 2001 ஜூலை 20 அன்று, ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்திருக்க, இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது திருவனந்தபுரத்தில்தான். நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊர். மென்பொருளைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் பயனருக்கு உரிமை வேண்டும் என்ற அந்தப் பேச்சு, பிற்பாடு இந்த எல்லையூர்ப் பள்ளி வரை வந்து சேர்ந்தது. ஒரு ஸ்பிரிங்கின் இறுக்கத்தையும் உராய்வையும் எட்டாம் வகுப்புப் பிள்ளை மாற்றிப் பார்த்து, என்ன ஆகிறது என்று கண்ணால் காண முடிகிறதென்றால், அது இயற்பியல் ஆய்வகத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு சோதனை செய்து பாருங்கள். எல்லா அசைவையும் அணைத்துவிட்டு இரண்டு நாள் வழக்கமான வேலையைச் செய்யுங்கள். எந்த இடத்தில் "எங்கே போச்சு?" என்று ஒரு தடவையாவது கேட்கிறீர்களோ, அந்த அசைவை மட்டும் திரும்பக் கூப்பிடுங்கள். 200 மில்லி வினாடி கொடுங்கள். கேள்வியே வராத இடத்துக்கு அசைவு வேண்டாம்.